ருசிக்கு முன் போணி

பதினேழு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், காலை எட்டு மணி. சந்தையின் வடக்கு வாசலில் நுழைந்ததும் ஒதிலியா முதல் கடையில் கேட்பது ஒரே ஒரு சொல்: "ஆச்சா?"

"ஆச்சு" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். "எங்க, ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வந்தால் நின்று எதையாவது வாங்குவார். ஒரு எலுமிச்சை, ஒரு பிடி மல்லித்தழை, ஒரு மெழுகுவத்தி. பேரம் கிடையாது. கடைக்காரர் அந்தக் காசால் நெற்றி, வாய், நெஞ்சு என்று சிலுவை போட்டு, அதை ஒரு முத்தமிட்டு, மேலே மாட்டியிருக்கும் ஹுகீலா மாதா படத்தின் சட்டத்தில் செருகிவைப்பார். அந்தக் கடைக்குப் போணி ஆகிவிட்டது. இனி ஒதிலியா தன் ஆட்களை அங்கே அழைத்து வரலாம்.

ஆட்கள் வருவது எட்டே முக்காலுக்கு. மெக்சிகோவின் வஹாகா நகரச் சந்தையில் ருசி பார்க்க ஆசைப்பட்டு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள். ஒன்பது கடை, மூன்று மணி நேரம். வறுத்த வெட்டுக்கிளி, கரித்தணலில் வாட்டிய உப்புக்கண்டம், சோளமும் கொக்கோவும் கலந்த நுரைப் பானம், நூல் பந்து போலச் சுற்றிய பாலாடைக்கட்டி, பிறகு மிளகாயும் எள்ளும் சேர்த்து அரைத்த மோலே விழுது. ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய் இலவசம். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நடக்கலாம். அந்த ஒரு வாயைக் கொடுக்கிற கை, காலையில் ஒரு காசையாவது வாங்கியிருக்க வேண்டும். ஒதிலியாவின் சட்டம் அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் அவமானத்தில் பிறந்தது. செருப்புக் கடையில் விற்பனை வேலையை விட்டுவிட்டு முப்பத்து நான்கு வயதில் வழிகாட்டியாக வந்த மூன்றாவது நாள், பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக ஒரு வெட்டுக்கிளிக் கடைமுன் போய் நின்றார். பதினோரு பேரும் கை நீட்டினார்கள், மென்றார்கள், ஆஹா என்றார்கள், போய்விட்டார்கள். கடைக்காரி ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்து அவர்கள் நடந்து போன தடத்திலேயே ஊற்றினாள். "போணிக்கு முன்னாடி ஓசித் தீனி! இனி இன்னிக்குப் பூரா வர்றவன் எல்லாம் கையத்தான் நீட்டுவான், ஒருத்தன் பையத் தொட மாட்டான்." செருப்புக் கடையிலும் போணி உண்டு. தெரிந்தே செய்த தப்பு. அதைச் சொல்லும்போது ஐம்பத்தோரு வயதிலும் ஒதிலியாவின் காது சிவந்துவிடுகிறது.

குள்ளம், அகலம், ரப்பர் செருப்பு. கூட்டத்தில் மற்ற வழிகாட்டிகள் கத்துவார்கள்; ஒருவர் இடுப்பில் மாட்டும் ஒலிபெருக்கி கூட வைத்திருக்கிறார். ஒதிலியா கிசுகிசுப்பார். "கத்தினா பாதிப் பேரு காது கேக்காத மாதிரி நிப்பாங்க. கிசுகிசுத்துப் பாருங்க, பக்கத்துக் கடைக்காரன் கூடச் சாஞ்சு கேப்பான்." சுற்றுலா நேரத்தில் அவர் எதையும் தின்பதில்லை. தின்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வாய் மரியாதைக்குப் பொய் சொல்லும். புருவம் சொல்லாது." புருவம் ஏறினால் அந்தக் கடையில் இன்னும் இரண்டு நிமிடம். ஏறாவிட்டால் அடுத்த கடை.

மற்றவர்கள் கொடி வைத்திருக்கிறார்கள், குடை வைத்திருக்கிறார்கள். ஒதிலியாவுக்கு அன்று போணிக்கு வாங்கியதில் எது உயரமோ அதுதான் கொடி. ஒரு நாள் கரும்பு, ஒரு நாள் கீரைத்தண்டு, ஒரு நாள் மூன்று அடி நீளப் பூசணிக்கொடி. "அதோ அந்த வெங்காயத்தாள் பின்னாடி போங்க" என்று சந்தையில் வழி தவறியவர்களுக்குச் சுமைகாரர்கள் கைகாட்டுவார்கள்.

இந்தச் சாமான்கள் போய்ச் சேரும் இடம் அவருடைய அக்கா ருஃபினாவின் அடுப்பு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மத்தியானம் பையைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் ருஃபினாவின் அன்றாடச் சண்டை. "ஒரு தக்காளி. ரெண்டு மெழுகுவத்தி. எறாக் கருவாடு நாலு. இத வெச்சு நான் சமைக்கவா, செபம் பண்ணவா?" ஊரில் யாருக்கு அன்று வியாபாரம் மந்தமோ அவருடைய சரக்குத்தான் அந்த வீட்டுக் குழம்பு. ருஃபினா எப்படியும் ஒரு சாறு வைத்துவிடுவார். அது நன்றாகவே இருக்கும் என்பதை ஒதிலியா இதுவரை அக்காவிடம் ஒப்புக்கொண்டதில்லை.

ஐந்து வாரமாகப் பை எடையில்லாமல் வருகிறது. "சந்தைக்குத்தான் போனியா, பூசைக்குப் போனியா?" என்று ருஃபினா கேட்கிறார்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மோலேக்காரிக்கு, சந்தையே மரியாதையாக 'தோன்யா' போட்டு அழைக்கும் பெத்ரோனிலாவுக்கு, போணி ஆகவில்லை. ஒதிலியா நூறு கிராம் கறுப்பு மோலே வாங்கினார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் பெத்ரோனிலாவின் கடையில் ஒரு தொன்னை கூட விலை போகவில்லை. வியாழக்கிழமையும் ஒதிலியாவின் கை, வியாழக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை மூன்றாவது தடவை. அன்று கூரைத் தார்ப்பாய் கிழிந்து மழை நேராகச் சிவப்பு மோலே பேசினுக்குள் இறங்கியது. பதினாறு கிலோ. மிளகாய், எள், பாதாம், கிராம்பு, கருக்கிய சோள அடை, சாக்லேட் எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வறுத்து அரைத்தது, சாக்கடையில் போயிற்று.

அந்த நாட்களையும் சேர்த்து ஒன்பது நாள் லாரிக்காரர்கள் நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஊருக்குள் ஒரு பஸ் வரவில்லை, சந்தையில் யாருக்குமே வியாபாரம் இல்லை. இதெல்லாம் பெத்ரோனிலாவுக்கும் தெரியும். தெரிந்தும், பக்கத்துக் கடைக்குச் சொல்கிற மாதிரி, ஒதிலியாவுக்குக் கேட்கிற மாதிரி, அவர் சொன்னார்: "ரோட்ட மறிச்சது லாரிக்காரனுங்க, சரி. ராசிய மறிச்சது யாரு?"

மறியல் முடிந்தது. முதல் பஸ் வந்த காலையில் பெத்ரோனிலாவுக்கு வேறு யாரோ போணி செய்திருந்தார்கள். அன்று வியாபாரம் கொட்டியது. அதோடு ஒதிலியாவின் பெயர் கெட்டது. கையில் உப்பு ஏறிவிட்டது என்று இந்த ஊரில் சொல்வார்கள். நம் பேச்சில் சொன்னால் கை ராசி போய்விட்டது. நாலே நாளில் அந்தப் பேச்சு நாலு வரிசையும் சுற்றி வந்துவிட்டது.

யாரும் ஒதிலியாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பதினேழு வருஷப் பழக்கம். "ஆச்சா?" என்று அவர் கேட்டதும் "ஆச்சு ஆச்சு" என்று சிரிக்கிறார்கள். அவர் கண் மேலே போகும். மாதா படத்தின் சட்டத்தில் ஒன்றும் செருகியிருக்காது. பொய். ஒதிலியாவின் காசு தங்கள் கையில் படக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். போணி ஆகாத கடைக்குள் ருசி பார்க்க ஆட்களைக் கூட்டிப்போக ஒதிலியாவின் சட்டம் இடம் கொடுக்காது. வேறு யாராவது வந்து வாங்கும்வரை நடைபாதையில் ஆட்களை நிறுத்திவைத்து, நுரைப் பானத்தின் வரலாற்றை இரண்டாம் முறை கிசுகிசுத்துக்கொண்டிருப்பார். யாரும் வராவிட்டால் அந்தக் கடை அன்று கிடையாது.

ஐந்து வாரத்தில் நான்கு முறை மோலே கடை விடுபட்டது. இங்கே வருகிறவர்கள் மோலேக்காகத்தான் வருகிறார்கள். இரண்டு பேர் இணையத்தில் புகார் எழுதிவிட்டார்கள்: ஏழு வகை மோலே என்றார்கள், ஏழு பேசினைத் தூரத்திலிருந்து பார்த்தோம். முன்பதிவு எடுக்கிற ஏஜென்சிக்காரர் அலைபேசியில் கூப்பிட்டார். "தோன்யா ஒதிலியா, நீங்க பெரியவங்க, உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. இந்த மாசம் இன்னொரு புகார் வந்துச்சுன்னா, சனிக்கிழமைய அந்த ஒலிபெருக்கிக்காரருக்குக் குடுக்க வேண்டி வரும்." சனிக்கிழமை போனால் மற்ற இரண்டு நாளும் போகும் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது.

போன சனிக்கிழமை ஐந்து பேர். மோன்தெர்ரே நகரத்துப் பொறியாளர் லிசாந்த்ரோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய மனைவி அம்பாரோ. குவாதலஹாராவிலிருந்து இரண்டு சகோதரிகள், இருவரும் நர்சுகள். டென்மார்க்கிலிருந்து ஒருவர், அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஒவ்வொரு தார்ப்பாய்க்கும் குனிந்து குனிந்து வந்தார். காலையில் ஒதிலியாவிடம் காசு வாங்கியது ஒரே ஒருத்தி, சனிக்கிழமை மட்டும் மலையிலிருந்து இறங்கி வரும் கீரைக்காரி நிக்காசியா. அவளுக்குச் சந்தைப் பேச்சு இன்னும் எட்டவில்லை. அன்றைய கொடி ஒரு முள்ளங்கிக் கட்டு. பாலாடைக்கட்டிக்காரர் தோன் அபுந்தியோ, "ஆச்சா?" என்று கேட்கும் முன்பே "ரெண்டு தடவ ஆச்சு!" என்றார். அவருடைய மாதா வெறுங்கையோடு இருந்தார்.

பத்தே காலுக்கு மோலே வரிசைக்கு வந்தார்கள். ஏழு பேசின்களிலும் மோலே மலை மலையாகக் குவித்து வைத்திருந்தது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. நல்ல மேகமூட்டம். வரிசையில் வாங்குகிறவர் என்று ஒரு ஆள் இல்லை.

"வாங்க செவத்தம்மா, வாங்க செவத்தய்யா!" என்று பெத்ரோனிலா கூப்பிட்டார். அறுபத்தாறு வயது, பெரிய உடம்பு, நீலக் கட்டம் போட்ட ஏப்ரன். சந்தையில் யார் வந்தாலும், கரி போல் இருந்தாலும், செவத்தம்மாதான்.

"தோன்யா, ஆச்சா?" என்றார் ஒதிலியா.

"ஆச்சு ஆச்சு. கூட்டிட்டு வா."

"அப்ப மாதா கையில ஏன் ஒண்ணும் இல்ல?"

"மாதா கணக்க நீ ஏன் பாக்குற? குடுக்குறது நான், தின்னப்போறது அவங்க. உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு வரல. உங்களுக்கு வந்துரும். ஓசியில குடுத்துட்டு நாள் பூரா ஈ ஓட்டுவீங்க. அதுவும் என் தலையில விழும்."

"விழட்டுமே. ஏற்கனவே என்ன பூவா வெச்சிருக்கு உன் தலையில?"

பக்கத்துக் கடையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒதிலியா நடைபாதையிலேயே நின்றார். ஐந்து பேரும் அவர் பின்னால் நின்றார்கள். டென்மார்க்காரர் பேசின்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்; அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"என்னம்மா, உள்ள போலாமா வேணாமா?" என்றார் லிசாந்த்ரோ. "இதுக்குத்தான் ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கேன்."

ஒதிலியா கிசுகிசுப்பாகச் சொன்னார். கடைக்கு இன்னும் முதல் வியாபாரம் நடக்கவில்லை, யாராவது ஒருவர் வாங்கினால் போகலாம், கொஞ்சமாக வாங்கினாலும் போதும்.

"அவ்வளவுதானே? நான் வாங்குறேன்." லிசாந்த்ரோ முன்னால் போனார். ஒதிலியாவுக்கு மூச்சு வந்தது. வெளியூர்க்காரர், புதுக் கை, உப்போ சர்க்கரையோ யாருக்கும் தெரியாது. பெத்ரோனிலாவும் முகம் மலர்ந்து கரண்டியை எடுத்துவிட்டார்.

"இந்தக் கறுப்பு என்ன விலை?"

"கிலோ இருநூத்தி எண்பது, செவத்தய்யா. எத்தன கிலோ?"

"இருநூறு போட்டுக்குங்க."

பூண்டுக்காரியின் கையிலிருந்து கத்தி கீழே விழுந்தது. போணியில் பேரம்! அம்பாரோவுக்கு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கணவரின் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினார். "சும்மா இருடி, இது சந்தை, பேசித்தான் வாங்கணும்" என்றார் அவர்.

பெத்ரோனிலா இடுக்கில் மாட்டிக்கொண்டார். போணியின் விலையைக் குறைத்தால் நாள் முழுக்க எல்லாரும் குறைப்பார்கள். போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அதைவிடக் கேடு, அதை இந்தச் சந்தையில் யாரும் செய்வதில்லை. அவர் குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "அரைக் கிலோ எடுத்துக்குங்க ராஜா. நூத்தி நாப்பது."

"நூறு."

"நூத்தி நாப்பது. மேல ஒரு கரண்டி சும்மா போடுறேன்."

"அந்தக் கரண்டி வேணாம். நூறு."

"நாப்பது பெசோவுக்கு என் நாளையே கெடுக்குறீங்களே ஐயா!"

"ஏம்மா, எனக்கு வித்தா உங்க நாளு எப்படிக் கெடும்?"

பெத்ரோனிலா ஏழு பேசின்கள் மேலும் பிளாஸ்டிக் விரிப்பை ஒரே இழுப்பில் இழுத்து மூடினார். "கடை மூடியாச்சு."

"மணி பத்தரை கூட ஆகல!"

"உங்களுக்கு மூடியாச்சு."

லிசாந்த்ரோ மனைவியைப் பார்த்தார், ஒதிலியாவைப் பார்த்தார், இதையெல்லாம் எழுதத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முனையிலிருந்த காப்பிக் கடையை நோக்கிப் போய்விட்டார். அம்பாரோ போகவில்லை.

பெத்ரோனிலா முக்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பெரிய உடம்பு சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வருஷக் கடையில் முதல் தடவையாகப் போணிக்கு வந்தவரைத் துரத்தியிருக்கிறார், அதுவும் தன் வாயால். ஏப்ரனின் நுனியால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

ஒதிலியாவின் பர்ஸ் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். இந்த நிலையில் பெத்ரோனிலா வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் முடியாது. ஒதிலியா எடுக்கவில்லை. விழுந்துகிடக்கும் ஆளிடம் போய்த் தன் ராசியைத் திருப்பிக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. புகார் வரப்போகிறது, சனிக்கிழமை போகப்போகிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முள்ளங்கிக் கட்டை உயர்த்தினார்.

"வாங்க" என்று மற்ற நால்வரிடம் கிசுகிசுத்தார். "அடுத்த கடைக்குப் போவோம். தோன்யாவ விடுங்க, இன்னிக்கு அவங்களுக்கு உடம்பு சரியில்ல."

நாலு அடி நடந்திருப்பார்கள்.

"மார்ச்சந்தா."

வாங்குகிறவர் விற்கிறவரையும், விற்கிறவர் வாங்குகிறவரையும் இங்கே அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். தெருவோடு போகிறவரை அல்ல. வருஷக்கணக்காக ஒரே கடையில் வாங்குகிற ஆளை மட்டும். ஐந்து வாரமாகப் பெத்ரோனிலா அந்தச் சொல்லை ஒதிலியாவிடம் சொல்லவில்லை. ஒதிலியா திரும்பினார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் பெத்ரோனிலா. விரிப்பை மெல்ல விலக்கிக்கொண்டிருந்தார். "எவ்வளவு போடட்டும்?"

"தோன்யா, என் கை…"

"உன் கைய நான் கேட்டனா? எவ்வளவுன்னு கேட்டேன்."

"வழக்கமா வாங்குற நூறு."

"நூறு எந்த மூலைக்கு? உங்கக்காவுக்குப் பல் இடுக்குல ஒட்டக்கூடக் காணாது. கால் கிலோ போடுறேன். எழுபது பெசோ. வாய்க்குள்ளயே பேரம் பேசினாலும் எனக்குக் கேட்டுரும்."

"பேசல."

"பேசாதே."

ஒதிலியா தாளை நீட்டினார். பெத்ரோனிலா அதை வாங்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. வரிசை முழுவதும் அதைப் பார்த்தது. பிறகு அந்தத் தாளால் நெற்றியில், வாயில், நெஞ்சில் சிலுவை போட்டார். நிதானமாக, ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி. முத்தமிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து மாதா படத்தின் சட்டம் எட்டவில்லை; டென்மார்க்காரர் குனிந்த தலையை நிமிர்த்தி, தாளை வாங்கிச் செருகிக் கொடுத்தார்.

"இப்ப வாங்க. புறங்கையக் காட்டுங்க."

நான்கு புறங்கைகளிலும் கறுப்பு மோலே ஒவ்வொரு தீற்றாக விழுந்தது. நர்சுகள் இருவரும் நக்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒதிலியா புருவங்களைப் பார்த்தார். டென்மார்க்காரருடையது நேராக முடிக்குள் ஏறிவிட்டது. அம்பாரோ காப்பிக் கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கிலோ கட்டச் சொன்னார். இருநூற்று எண்பதை எண்ணாமல் கொடுத்தார். "அவர் காதுல போட்டுறாதீங்க."

"எந்த அவரு?" என்றார் பெத்ரோனிலா.

லிசாந்த்ரோ எழுதினாரா, எழுதியதை ஏஜென்சிக்காரர் படித்தாரா என்பதெல்லாம் திங்கட்கிழமை தெரியும். கால் கிலோ பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஒதிலியா பர்ஸை மூடப்போனார். எதிர்க் கடையில் தோன் அபுந்தியோ, வெகு நேரமாக அதே பாலாடைக்கட்டி உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், தொண்டையைச் செருமினார்.

"ஒதிலியா, இங்கயும் இன்னும் ஆகல."

"காலையில ரெண்டு தடவ ஆச்சுன்னீங்களே?"

"அது காலையில."

ஒதிலியா பர்ஸை மூடவில்லை. அதைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு, நான்கு பேருக்கு முன்னால் எதிர்க் கடைக்கு நடந்தார்.